உள்ளதை மட்டும்

மூக்குக்கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றாள்.

தெருவில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுவரை கணக்காகச் சொல்கிறவள், சொந்தப் புருஷனிடம் பேச்சுக்குத் தவித்தாள்.

இதய ஆப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள். தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரே ஒருவருக்கு அனுமதி. கால் மணி நேரம்.

நர்ஸ் ஜெனிட்டா வாசலிலேயே நிறுத்திச் சொல்லியிருந்தாள்.

"இந்த நேரத்துல புத்தி தடுமாறிரக் கூடாதும்மா. தடுமாறுனா தேறி வர ரொம்ப நாளாகும். என்ன கெழம, எங்க இருக்காரு, வீட்ல என்ன சேதின்னு பேசிக்கிட்டே இருங்க. உள்ளத மட்டும் சொல்லுங்க. நீங்களா எதையும் சேக்காதீங்க."

சேர்க்காமலா? அவளா? கண், காது, மூக்கு வைக்காமல் ஒரு சேதியையும் அவள் வாசல்படி தாண்ட விட்டதில்லை.

"இன்னைக்கு வியாழக்கெழம. காலையில பதினோரு மணி. ஆஸ்பத்திரியில இருக்கீங்க. ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது."

சப்பென்று இருந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. திரைச்சீலையைப் பார்த்தார்.

"மதியழகன் ஏன் அங்கயே நிக்கிறான்? உள்ள வரச் சொல்லு."

திரும்பிப் பார்த்தாள். பச்சைத் துணி, ஏசிக் காற்றில் லேசாக ஆடியது.

மகன் மதியழகன் ஓசூரில் இருந்தான். அப்பாவோடு பேசி இரண்டு வருஷம். ஆப்பரேஷன் என்று தகவல் போயும் வரவில்லை.

வந்துவிட்டான், கீழே காப்பி குடிக்கிறான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. காப்பியில் சர்க்கரை தூக்கல் என்பது உட்பட.

"அவன் வரலைங்க. அது வெறும் துணி."

அவர் மறுபடியும் பார்த்தார்.

"ஆமா. துணிதான்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏன் வரல?"

இதற்கும் ஒரு பதில் தெருவில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் முடுக்கிவிட்டாள் என்று. ஓட விட்டவளே இவள்தான்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓசூருக்குப் போனப்ப, மருமக வச்ச கொழம்புல உப்பு கொறச்சல்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க."

"ஆமா."

"கை வெளங்காதவ சமைச்சத இனிமே தொடமாட்டேன்னு நீங்க சொன்னதா, நாந்தான் அவன்கிட்ட சொன்னேன்."

அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அழுகைகூடச் சேர்க்கவில்லை.

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

ஜெனிட்டா அட்டையோடு வந்தாள். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று வேளைக்கு ஒருமுறை கேட்டுக் குறிக்க வேண்டுமாம்.

"ஐயா, இவங்க யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வரவில்லை.

ஜெனிட்டா முகம் சுருங்கியது. பேனாவைத் திறந்தாள்.

"எழுதிராதம்மா," என்றாள் அவள். "அவருக்கு நல்லாத் தெரியுது."