கடைசி வரிசை வரை

"இன்னிக்கும் எட்டுலதான் வச்சிருக்கீங்களா, பாக்?" என்று நிங்ரும் தலையில் அடித்துக்கொண்டாள்.

தர்சோனோ பழைய லென்ஸின் வளையத்தைக் கையால் மூடிக்கொண்டார், விடைத்தாளை மறைக்கும் பள்ளிப் பிள்ளையைப் போல. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் எப்போதும்போல் கலங்கியே இருந்தன.

இருவரும் ஒரே பத்திரிகைக்குப் படம் எடுப்பவர்கள். வயதில் மூத்த அவரை அவள் 'பாக்', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவாள். மெராபி மலைப் பக்கமிருந்து இறங்கிய மூடுபனி மைதானத்து விளக்குகளை இன்னும் மங்கலாக்கியிருந்தது. இந்த வெளிச்சத்தில் பந்தோடு பாய்கிறவனை அப்படியே பிடிக்க வேண்டுமானால் லென்ஸின் துளையை முழுக்கத் திறந்தாக வேண்டும். எண் சிறுத்தால் துளை பெருக்கும். இரண்டு புள்ளி எட்டில் வைத்தால் ஆட்டக்காரன் மட்டும் துல்லியமாக நிற்பான், பின்னால் இருப்பதெல்லாம் வெறும் வண்ணமாகக் கரைந்துவிடும்.

தர்சோனோ கொஞ்ச காலமாக எட்டை விட்டு இறங்க மறுத்தார். படம் இருண்டுபோகும். வெளிச்சத்தைக் கூட்டினால் மணல் மணலாகத் தெரியும். ஆட்டக்காரன் கூட்டத்துக்குள் மூழ்கிப்போவான். கேலரியில் கடைசி வரிசைத் தலைகளைக்கூட எண்ணலாம், பந்தைத்தான் காணோம் என்று பத்திரிகை ஆசிரியர் முதலில் கேலி செய்தார். போன வாரம் கேலியை விட்டுவிட்டார். இன்றும் இதே லட்சணம் என்றால் மைதானத்துக்குள் நிற்க உரிமை தரும் ஆரஞ்சு அங்கியைக் கழற்றித் தந்துவிடச் சொல்லியிருந்தார்.

காரணம் தனக்குத் தெரியும் என்று நிங்ரும் நினைத்தாள். துளை பெரிதாக இருந்தால் குறி மயிரிழை பிசகினாலும் மூக்கு தெளிந்து கண் மங்கிவிடும். சிறிதாக இருந்தால் பிசகு வெளியே தெரியாது. பார்வை குறைந்த படக்காரர்கள் போய் ஒளிந்துகொள்ளும் இடம் அது.

இடைவேளையில் வறுத்த தாஹு என்ற சோயாக்கட்டியைப் பங்கு போட்டுக்கொண்டபோது பேச்சை மெல்ல எடுத்தாள். கண்புரை என்றால் இப்போதெல்லாம் காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம், பையனை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். பீமோ தூரத்தில் வேலை பார்க்கிறான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார் அவர். பிறகு பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க படத்துல பந்து எங்கேன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பரிசுன்னு ஒரு போட்டி வைக்கலாம் பாக்," என்றாள், அவரைச் சிரிக்கவைக்க. "அங்கியைப் புடுங்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "அது மட்டும் போயிடக் கூடாது நிங்ரும். வெளியில நின்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவளுக்கு மனசு கனத்தது. தன் படங்களில் நல்லதாக இரண்டை அவர் பெயரில் அனுப்பிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

ஊர் அணி ஒரு கோலில் ஜெயித்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் தோளோடு தோள் சேர்த்து தெற்கு கேலரியைப் பார்த்து நிற்பார்கள். கேலரி மொத்தமும் கழுத்துத் துண்டைக் கழற்றித் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு அணியின் பாட்டைப் பாடும். வீரர்களின் முகத்துக்காகப் படக்காரர்கள் எல்லோரும் கேலரியின் அடிக்கு ஓடினார்கள். தர்சோனோ மட்டும் வீரர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நிங்ரும் பதறிப்போய்த் திரும்பி ஓடி வந்தாள். "முதுகை எடுத்து யாருக்குக் கொடுக்கப் போறீங்க பாக்? அந்தப் பக்கம் வாங்க."

அவர் காதில் விழவில்லை. மூன்று முறை அழுத்தினார். அதோடு விரல் நின்றுவிட்டது. பாட்டு இன்னும் முடியவில்லை, அவரோ கேமராவின் சின்னத் திரையில் எதையோ பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிங்ரும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

கீழே வீரர்களின் முதுகுகள் கறுப்பாக நின்றன. அவற்றுக்கு மேலே வரிசை வரிசையாகப் பாடும் முகங்கள். ஒவ்வொரு கண்ணும், ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. குறி எள்ளளவும் பிசகவில்லை. பார்வை குறைந்தவர் எடுத்த படமில்லை அது.

அவர் பெரிதாக்கியது கடைசி வரிசையின் ஓரத்தை. முதல் படத்தில் அங்கே ஓர் இளைஞன் வாயைத் திறந்து, மற்றவர்களைப் போலவே துண்டை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தான். அடுத்த படத்தில் அவன் வாய் மூடியிருந்தது. கண்கள் நேராக லென்ஸைப் பார்த்தன. மூன்றாவதில் எல்லோருடைய துண்டும் வானத்தில் இருக்க, அவனுடையது மட்டும் இறங்கி வந்து அவன் முகத்தைக் கண்வரை மூடியிருந்தது.

தர்சோனோ திரையை அணைத்தார். லென்ஸ் வளையத்தை எட்டிலிருந்து ஒவ்வொரு படியாகத் திருப்பி இரண்டு புள்ளி எட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். கேமராவைத் தூக்கி வீரர்களின் முதுகில் குறி வைத்தார். அதற்குப் பின்னால் கேலரி முழுவதும் இப்போது கரைந்த வண்ணமாகத்தான் தெரிந்திருக்கும்.

"யாரு பாக் அது?" என்று மெதுவாகக் கேட்டாள் நிங்ரும்.

"என் பையன்," என்றார். "தேடாதீங்கங்கறான்."