சின்னவளின் வீடு

யுத்தம் முடிந்த வருடம். மாப்பிள்ளை வீட்டார் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குச் சீதன வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

“இது சின்ன மகளுக்குக் கட்டின வீடாமே மச்சி?” என்றாள் மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறா.

“ஓம். இப்ப மூத்தவள் நிலோபாக்குத்தான் எழுதப்போறம்,” என்றாள் பெண்ணின் உம்மா பௌசியா.

“மூத்தவள் இரிக்க இளையவளுக்கு முதல்ல கட்டின வாப்பாவ இப்பதான் கேள்விப்படுறன். நாளைக்கு அவள் வந்து வீட்டக் கேட்டா?”

“வரமாட்டாள்.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்ற.” ஹாஜறா அறைகளைச் சுற்றிப் பார்த்தாள். “என்ன இது, லைட் சுவிச்செல்லாம் இடுப்புக்குக் கீழ? எந்த மொக்கன் செஞ்ச வேலை?”

“மௌத்தாப் போன எங்கட மனுசன்தான் சொல்லிப் போடுவிச்சார். சின்னவளுக்கு எட்டணுமாம்.”

“அவ்வளவு கட்டையா அவள்?”

“சுனாமியில போகக்கொள்ள அவளுக்கு ஆறு வயசு. மையித்துக் கிடைக்கல்ல. வருவாள் எண்டு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்; அப்பிடித்தான் பிறகு இந்த வீட்டையும் கட்டினார்.”

ஹாஜறா குனிந்து ஒரு சுவிச்சைத் தொட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் வாப்பாதான் பேசினார்.

“சுவிச்செல்லாம் அப்பிடியே கிடக்கட்டும், மச்சி.”

“இல்ல மச்சான், உயத்திப் போடுங்க,” என்றாள் பௌசியா. “அஞ்சு வருசமாகுது. இப்ப அவள் வளந்திருப்பாள்.”