விளக்கு பிடிப்பவள்

ஜன்னல் வெளிச்சம் போதாமல், அவள் மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாமனாரை வரைந்த பழைய ஓவியத்தில், அவர் கன்னத்தில் சுண்டுவிரல் நகமளவு வண்ணம் பெயர்ந்திருக்கிறது. பட்டி வைத்துச் சமமாக்கிய அந்த இடத்தில், ஓவியர் மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக நிறம் ஏற்றுகிறார். "எதுவோ வந்து பட்ட மாதிரி இருக்கே சார்?" "டம்ளர்," என்கிறான் அவள் கணவன், சோபாவில் சாய்ந்தபடி. "இவமேல எறிஞ்சேன். மகராசி குனிஞ்சிட்டா." ஓவியருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, தூரிகையைச் சட்டென்று விலக்கிக்கொள்கிறார். வெளிச்சம் மாமனாரின் முகத்தில் நடுங்குகிறது. "ஆட்டாதீங்கம்மா, நிறம் தப்பிடும்." கடுக்கும் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொள்கிறாள். வெளிச்சம் நிலைக்கிறது. கன்னம் மெல்ல மெல்ல முழுசாகிறது. கணவன் எழுந்து வந்து ஓவியத்தைப் பார்க்கிறான், பிறகு அவளைப் பார்க்கிறான். "இப்ப மட்டும் ஆடாம நிக்கத் தெரியுதுல்ல? அடுத்த தடவையும் இப்படியே நில்லு."