விலகுகிறவர்கள் பட்டியல்

"நல்ல காயோட கழிவு கலந்துட்டா மொத்த மூடைக்கும் கழிவு வெலதான் சார். எம்மவன் நல்ல காய்."

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் சிரிக்கப் பார்த்தார்.

எதிரே மஃப்டியில் இருந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அந்த நல்ல காய் துப்பாக்கி தூக்கியிருக்கு, அண்ணாச்சி."

"குவாரிக்காரன் மலைய முழுங்குறான்னு தூக்குனான். அவனோட சேத்து ஏழு பேரும் உள்ளூர்ப் பயலுக. ஆயுதம் தாரோம்னு ஒரு வெளிநாட்டுக் கும்பல் நடுவுல நுழைஞ்சு, தன் பேர்ப் பலகைய இவனுக தலையில மாட்டிருச்சு. இப்ப வெலகுனா கழுத்த அறுப்போம்ங்கிறானுக."

"பிரிஞ்சு வந்தா உள்ளூர் கேஸ். இல்லேன்னா சர்வதேசத் தீவிரவாதி, வெளிய வரவே முடியாது. யார் யார் வர்றாங்க?"

வக்கீல் ஏசுதாசன் ஏற்பாடு செய்த சந்திப்புதான். என்றாலும் பேரம் பேசாமல் சரக்கை அவிழ்த்தால் வைகுண்டராஜின் பரம்பரைக்கே இழுக்கு.

"பயலுக மேல அடி விழக்கூடாது."

"விழாது."

"ஒரு வருசத்துல ஜாமீன்."

"ஆறே மாசம்."

வைகுண்டராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருட வியாபாரத்தில், கேட்டதற்கு மேலே கொடுத்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"இன்னும் என்னத்துக்கு இழுக்குறீக?" உள்ளேயிருந்து மனைவி சண்முகத்தாய் அழுதுகொண்டே வந்தாள். "புள்ள உசுரோட வந்தாப் போதும். சொல்லித் தொலைங்க!"

சொல்லிவிட்டார். விலக நினைத்த நான்கு பெயர்கள். முதல் பெயர், மகன் அஜய்குமார். இடம், கோம்பை மலையடிவாரத் தென்னந்தோப்பில் மோட்டார் அறை.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இனி அவங்கள நாங்க பாத்துக்கிறோம்" என்று எழுந்தவர், காரில் ஏறி கோம்பைப் பக்கம் விரைந்தார்.

"பெருமாளே!" என்று சண்முகத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வைகுண்டராஜின் செல்போன் அடித்தது. வக்கீல் ஏசுதாசன்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி, இன்ஸ்பெக்டர் இப்பத்தான் பெரியகுளத்துல இருந்து கெளம்புறாக. அவுக வர்ற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறந்துராதீக. வெலகுறது யாருன்னு தெரியாமத்தான் அந்தக் கும்பல் இன்னும் பயலுக மேல கை வைக்காம இருக்கு."