முதல் படி

கொச்சபம்பா நகரில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ‘முதல் படி’ என்ற சட்ட வகுப்பை நடத்துபவர் வக்கீல் எவரிஸ்தோ.

“யார் முதல்ல பதிவு பண்றாங்களோ, அவங்களுக்குத்தான் பேர் சொந்தம்,” என்றார்.

வகுப்புக்கே சால்தேன்யா என்ற இறைச்சிப் பலகாரம் சுட்டுக்கொண்டு வரும் நீல்டா எழுந்தாள். “ஒருத்தர் பத்தொன்பது வருஷமா அந்தப் பேர்லயே தொழில் பண்ணியிருந்தாலுமா, ஐயா?”

“இருந்தாலும்தான். பதிவு பண்ணாமத் தூங்கினது அவங்க தப்பு. ஏம்மா, உன் பலகாரக் கடைப் பேரை எவனாவது தட்டிட்டுப் போயிட்டானா?”

வகுப்பே சிரித்தது. நீல்டாவும் சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து எவரிஸ்தோவுக்கு ஒரு பதிவுச் சான்றிதழின் நகல் வந்தது. ‘முதல் படி’, உரிமையாளர் நீல்டா. வகுப்பு வாசலில் பத்தொன்பது வருடமாகத் தொங்கும் ‘முதல் படி’ பலகையை நிமிர்ந்து பார்த்தவர், அவளுக்குப் போன் போட்டார்.

“பலகாரக் கடைக்கு எதுக்கும்மா இந்தப் பேர்?”

“பலகாரக் கடைன்னு நான் எப்ப சொன்னேன், ஐயா? நான் ஆரம்பிக்கிறது சட்ட வகுப்பு. முதல் பாடமே உங்க கதைதான்.”