பக்கத்துக் கட்டில்காரர்

"சிஸ்டர், அந்த ஆளை வேற கட்டிலுக்கு மாத்துங்க. இல்லேன்னா எங்களை மாத்துங்க."

அவள் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்கும்போது இடது கால் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். பேச்சில்லை, அழுகையும் இல்லை. ஊட்டினால் சாப்பிட்டான். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் தினமும் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். ஊன்றுகோல் இரண்டும் கட்டிலோரம் சாத்தினபடியே கிடந்தன.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். தன்னம்பிக்கைப் புத்தகம்னா இதுதான், இதுக்கு மேல ஒண்ணு கிடையாது என்றான். நொடித்துப்போன தன் கடையைத் தூக்கி நிறுத்தியதே இதுதான் என்றும், மாப்பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு என்றும் சொன்னான்.

பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தை விட்டவள் அவள். ஆனாலும் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. தினமும் காலையில் அவனுக்கு முகம் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள்.

"கண்ணீர் கோழையின் மொழி. வீரன் நேற்றைப் பற்றிப் பேசுவதில்லை..."

பக்கத்துக் கட்டில்காரருக்கு இது ஆகவில்லை. வயதானவர். சர்க்கரை வியாதியில் வலது கால் போய்விட்டது. அவள் புத்தகத்தைத் திறந்தாலே இருமுவார், போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லியே விட்டார்.

"போதும்மா. புத்தகத்தை மூடி வச்சுட்டு, அவரைக் கொஞ்சம் அழ விடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல வார்த்தை சொல்ல வக்கில்லாவிட்டாலும் சொல்கிறவளை ஏன் தடுக்க வேண்டும்? தான் கெட்டது போதாதென்று அடுத்தவனையும் இழுக்கிற ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் வேண்டுமென்றே குரலை உயர்த்திப் படித்தாள்.

அதற்கு அடுத்த நாள், மருந்து வாங்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தால், அந்த ஆள் இவள் கணவனின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இவன் குழந்தைமாதிரி தேம்பிக்கொண்டிருந்தான். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"போச்சு தம்பி. போனது போனதுதான். திரும்ப வராது. நல்லா அழு."

இத்தனை நாள் தொண்டை வற்றப் படித்ததையெல்லாம் ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிட்டாரே. நேராக நர்ஸிடம் போய் நின்றாள்.

நர்ஸ் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். இவள் மசியவில்லை. கடைசியில் அவரே, வீண் வம்பு எதற்கு, நானே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் ஏறி வார்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் வந்தபோது கட்டில் காலி.

கட்டிலோரம் பார்த்தாள், ஊன்றுகோலையும் காணோம். ஓடிப்போய் நர்ஸைப் பிடித்தாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே வார்டின் கோடியைக் காட்டினாள்.

அங்கே அவள் கணவன் அந்தப் பெரியவரின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

யாரும் அவனை எழுப்பவில்லையாம். அவனாகவே எழுந்தானாம். வழியில் தடுமாறி, கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தானாம்.

அவள் கிட்டே போனதும் அவனே பேசினான்.

"இவரைப் பார்க்கணும்போல இருந்துச்சு. வந்தேன். அந்தப் பொண்ணு வந்தா, நான் பயிற்சிக்கு வரேன்னு சொல்லு."

அவள் பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க ஐயா."

அதெல்லாம் அப்போதே மறந்தாயிற்று என்று சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். இங்கே தனியாக இருக்கிறீர்களே, பொழுது போகும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் கையை நீட்டவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் பழக்கூடையும் காகிதப் பொட்டலமுமாக ஒருவர் உள்ளே வந்தார். பதிப்பகத்துக்காரராம். கட்டிலருகே நின்று பொட்டலத்தைப் பிரித்தார். அதே மஞ்சள் அட்டை, புது மை வாசனையோடு.

"புதுப் பதிப்பு வந்துடுச்சு ஐயா. முதல் பிரதியை வழக்கம்போல உங்க கையிலதான் கொடுக்கணும்னு நேரா வந்துட்டேன்."

அவள் தன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னட்டையில் ஏதோ புனைபெயர். மேலே சுருட்டை முடியோடு ஓர் இளைஞன் படம். படத்தையும் பெரியவரின் வழுக்கைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்க எழுதினதா? அப்புறம் ஏங்கய்யா என்னைப் படிக்க வேண்டாம்னு சொன்னீங்க?"

அவர் புது அட்டையை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இதை எழுதினப்ப எனக்கு ரெண்டு காலும் இருந்துச்சும்மா."