மூன்றாவது சிலிண்டர்

எபனேசரின் டாக்ஸியில் மூன்றாவது சிலிண்டர் அழுத்தம் இழந்திருந்தது. அதை இரவல் வாங்கிப் போனவன் தங்கையின் கணவன் ஆசீர்.

“சூடு ஏறுனதும் ஓரங்கட்டிட்டேன் மச்சான்.”

“இதுவும் பொய்னா நான் இவங்ககூடப் போகமாட்டேன்” என்றாள் தங்கை கிரேனா. துணிப்பை அவள் தோளிலேயே இருந்தது.

மெக்கானிக் மைதீன் பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி, பிரஷர் கேஜை அதில் திருகினார். “இப்ப ஊசி ஏறுச்சுன்னா ரிங் தேஞ்சிருக்கு. அது வண்டியோட வயசு. ஏறலைன்னா, தண்ணியில்லாம சூடு ஏறுன பிறகும் நிறுத்தாம ஓட்டி கேஸ்கெட் வெந்துருக்கு. மாப்ள, நீரு ஓட்டுனது போதும், சாவிய மட்டும் திருப்பும்.”

ஆசீர் உள்ளே உட்கார்ந்து திருப்பினான். திறந்திருந்த பானட் அவன் முகத்தை மறைத்தது. எஞ்சின் முக்கியது. ஊசி அறுபதைத் தொட்டு நின்றது. ஆயில் ஊற்றுவதற்கு முன்பும் அறுபதுதான்.

“ஏறிச்சா அண்ணே?” கிரேனா அருகில் வந்தாள்.

எபனேசர் கேஜை உள்ளங்கையால் மூடினான். “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க.”

மைதீன் குரலைத் தாழ்த்தினார். “அவ்வளவு ஊத்துனா எந்த எஞ்சினுக்கும் ஊசி ஏறிரும்லா.”

“தெரியும். ஊத்துங்க.”